ரத்தம் ஏற்றினால் காமாலை வரும் என்ற பயத்தைப் போக்கியவர் யார்?

ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் ஹார்வி ஆல்டர் என்பேன். 2020இல் மருத்துவ நோபல் பெற்ற மூவரில் ஒருவர். நான் ரத்த வங்கி ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம் நோபல் அல்ல, அவர் வைத்திருந்த குளிர்பெட்டிகள்.

ஆல்டர் அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனத்தின் ரத்த வங்கியில் இருந்தார். இளம் வயதில் பாரூக் பிளம்பெர்க் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு புதிய புரதத்தைக் கண்டார். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோய்க்காகப் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தையும் அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் எதிரெதிரே வைத்தபோது இடையில் ஒரு கோடு விழுந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டார்கள். அது ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் அழற்சியைத் தரும் வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலத்தில் அங்கே இதய அறுவை சிகிச்சைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காமாலைக்குக் காரணமான கல்லீரல் அழற்சி வந்தது. காசுக்கு விற்கப்பட்ட ரத்தமே பெரும் காரணம். 1970வாக்கில் அதை நிறுத்தி, பி பரிசோதனையும் கொண்டுவந்த பிறகு பத்தில் ஒருவராகக் குறைந்தது. காசுக்கு ரத்தம் கொடுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். முழங்கை மடிப்பு முழுக்க ஊசித் தழும்பு இருக்கும். மயில்துத்தக் கரைசலில் அவர்கள் ரத்தத்தை ஒரு துளி விட்டால் மூழ்காது, மிதக்கும். அவ்வளவு சோகை. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரியில்தான் நம் நாட்டில் அந்த வியாபாரம் சட்டப்படி முடிந்தது.

மிச்சமிருந்த அந்தப் பத்தில் ஒன்றை ஆல்டர் விடவில்லை. ரத்தம் ஏற்றுவதற்கு முன்பும், ஏற்றிய பிறகு மாதக்கணக்கிலும் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து உறையவைத்துக்கொண்டே இருந்தார். ஹெபடைட்டிஸ் ஏ-வுக்குப் பரிசோதனை வந்ததும் அந்தக் குப்பிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஒன்றுகூட ஏ இல்லை. பி-யும் இல்லை. 1975இல் அந்த நோய்க்கு வைத்த பெயரே 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்பதுதான். தெரியாததற்குத் தெரிந்தது போலப் பெயர் வைக்காத அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். 1978இல் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து சிம்பன்சிகளுக்கு அது தொற்றுவதையும் காட்டினார்.

பிறகு பல ஆய்வகங்கள் 'அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று வந்தன. ஆல்டர் பேச்சைக் கேட்டு மயங்குகிறவர் அல்ல. எது நோய் ரத்தம், எது நல்ல ரத்தம் என்று சொல்லாமல், வெறும் எண் ஒட்டிய குப்பிகளை அனுப்புவார். ஒரே ஆளின் ரத்தம் இரண்டு குப்பிகளில் ஒளிந்திருக்கும். ஒவ்வொருவராகத் தோற்றார்கள். கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹாட்டன் குழு மட்டும் சரியாகச் சொன்னது. 1989இல் ஹெபடைட்டிஸ் சி-க்குப் பெயரும் பரிசோதனையும் வந்தன. நோபலின் மூன்றாமவரான சார்ல்ஸ் ரைஸ், அந்த வைரஸ் தனியாகவே நோயை உண்டாக்கும் என்று நிரூபித்தவர்.

எங்கள் ரத்த வங்கியில் மாதிரிக் குழாய்களை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிடுவோம். விதி அவ்வளவுதான், இடமும் அவ்வளவுதான். இந்தியாவில் சி பரிசோதனை கட்டாயமானது 2001இல். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் இப்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறது.

என் மனைவிக்கு 1996இல் பிரசவத்தின்போது இரண்டு பை ஏற்றினார்கள். பொருத்தம் பார்த்துக் கொடுத்தவன் நானே. சி பரிசோதனைக்கான கிட் எங்களுக்கு வந்த அன்று மாலையே அவள் ரத்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த வருடம் அதே அலமாரியிலிருந்து போன மற்றப் பைகளைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது?