எந்தக் கன்று எந்தப் பசுவுடையது? மாட்டுப்பண்ணைக் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பவை பன்னிரண்டு பசுக்கள்தான். முகத்தைப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடுவேன். எண் பொறித்த காது வில்லை அவசியமா?

பதில்: உங்களுக்குத் தெரியும், சரி. நீங்கள் இல்லாத நாளில் பால் கறக்க வருபவருக்குத் தெரியுமா? இரவில் அவசரமாக வரும் கால்நடை மருத்துவருக்குத் தெரியுமா? செவலை மூன்று நிற்கிற கொட்டகையில் "அந்தச் செவலைக்கு ஊசி போடுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மடிநோய்க்கு மருந்து போட்ட பசுவின் பால் ஒருவேளை கலந்தால் போதும், அன்றைய பால் முழுவதும் வீண். எண் உங்களுக்காக இல்லை, மற்ற எல்லோருக்காகவும்தான். வில்லையோடு நிறுத்தாமல், மருந்து ஏறிய பசுவின் பின்னங்காலில் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள். கறக்க உட்காருபவர் கண்ணுக்கு முதலில் படுவது கால்தான், காது இல்லை.

கேள்வி: வில்லை போட்ட சில மாதங்களில் காது கிழிந்து விழுந்துவிடுகிறது. சிலவற்றுக்குச் சீழும் வைக்கிறது. மட்டமான வில்லையா?

பதில்: வில்லையைக் குறை சொல்லும் முன் துளையிட்ட இடத்தைப் பாருங்கள். காதைத் தடவினால் நீளவாக்கில் ஓடும் தடித்த குருத்தெலும்பு வரம்புகள் விரலில் தட்டுப்படும். அவற்றுக்கு இடையில், காதின் அடிக்கும் நுனிக்கும் நடுவே, இரத்தக்குழாயைத் தவிர்த்துத் துளையிட வேண்டும். நுனிப்பக்கம் போட்டால் வேலியில் மாட்டிக் கிழியும். அடிப்பக்கம் காது தடிமன் என்பதால் வில்லை இறுக்கிப் புண்ணாக்கும். கன்றுக்குப் போடும்போது காது வளர இடைவெளி விடுங்கள். இடுக்கியின் ஊசியை ஒவ்வொரு மாட்டுக்கும் இடையில் கிருமிநாசினியில் நனைத்தெடுங்கள். துளை ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஈ மொய்க்கிறதா என்று பாருங்கள்.

இரு காதிலும் ஒரே எண்ணைப் போடுவது என் பழக்கம். ஒன்று விழுந்தால் மற்றது சொல்லும். இறந்துபோன, விற்றுவிட்ட மாட்டின் எண்ணை மட்டும் புதிய மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். பிறகு பதிவேட்டில் செத்த மாடு சினை பிடிக்கும்.

கேள்வி: ஒரே இரவில் மூன்று பசுக்கள் கன்று போட்டுவிட்டன. எல்லாம் ஒரே அடைப்பில். காலையில் போய்ப் பார்த்தால் கன்றுகள் மாறி மாறி ஊட்டுகின்றன. எது எதன் கன்று?

பதில்: கன்றை நம்பாதீர்கள். பசித்த கன்று கிடைத்த மடியில் வாய் வைக்கும். பசுவைப் பாருங்கள். கன்று ஊட்டும்போது தாய் தலையைத் திருப்பி அதன் வாலடியை முகர்ந்து பார்க்கும். தன் கன்றென்றால் நக்கிக்கொடுக்கும். வேறொன்று என்றால் உதைக்கும், அல்லது முட்டி விலக்கும். ஒவ்வொரு ஜோடியையும் தனி அடைப்பில் விட்டுச் சிறிது நேரம் தள்ளி நின்று கவனியுங்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஈனும் தறுவாயில் இருக்கும் பசு, பக்கத்துப் பசுவின் கன்றைத் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடிவிடும். நக்குவதை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தப் பசு உண்மையிலேயே ஈன்றிருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள்: நஞ்சுக்கொடி தொங்குகிறதா, வால் இரத்தக்கறையோடு இருக்கிறதா? அப்படியும் தெளியவில்லை என்றால் பதிவேட்டில் "தாய் ஐயம்" என்றே எழுதுங்கள். ஊகத்தை உண்மைபோல எழுதிவைத்தால் பின்னால் அண்ணன் தங்கைக்கே சினை சேர்த்துவிடுவீர்கள். பிறப்பை உறுதியாக அறிய வேண்டுமானால் வால்முடியை வேரோடு எடுத்து டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பலாம்.

ஆனால் இந்த விசாரணை எல்லாம் சீம்பாலுக்குப் பிறகுதான். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்களை அப்படியே உள்வாங்கும் திறன் கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து 24 மணி நேரத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும். எந்தப் பசுவின் சீம்பால் என்பது அந்த நேரத்தில் முக்கியம் இல்லை, நோயற்ற பசுவாக இருந்தால் போதும். தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் முக்குவதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: இரட்டைக் கன்று, ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரியைப் பாலுக்கு வளர்க்கலாமா?

பதில்: ஆசை வேண்டாம். காளையோடு கருவில் வளர்ந்த கிடேரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மலடு. இரண்டின் இரத்தமும் கருவிலேயே கலந்து, கிடேரியின் பிறப்புறுப்பு வளராமல் போய்விடுகிறது. மருத்துவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறந்த அன்றே "காளையுடன் இரட்டை" என்று எழுதிவையுங்கள், இரண்டு வருடத் தீவனம் மிச்சம்.

கேள்வி: நான்கு வயது என்று ஒரு பசுவை விற்க வந்திருக்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: வாயைத் திறந்து கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள், மேலே முன்பல் இருக்காது. ஏறக்குறைய இரண்டு வயதில் முதல் ஜோடி நிலைப்பற்கள் முளைக்கும். பிறகு அரை வருடத்துக்கு ஒரு ஜோடி என்று நான்கு வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். சில இனங்களில் சற்றுத் தாமதமாகும். கொம்பு வளையத்தை எண்ணலாம்தான், ஆனால் அரம் போட்டு வழுவழுப்பாக்கிய கொம்பு பேசாது.

கேள்வி: குடற்புழு மருந்துக்கு எடை கேட்கிறார்கள். எடைமேடை இல்லை.

பதில்: டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுங்கள். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் சுமார் 270 கிலோ. கண்மதிப்பைவிட மேல்.

கேள்வி: பதிவேட்டில் எதை எழுதுவது? எல்லாவற்றையும் எழுதப் பொறுமை இல்லை.

பதில்: எண், தாய், பிறந்த நாள், பருவத்துக்கு வந்த நாள், சினை ஊசி போட்ட நாள், கன்று ஈன்ற நாள், போட்ட மருந்து. இவ்வளவுதான். பருவம் வந்த நாளைக் குறித்தால் 21 நாள் கழித்து எந்தப் பசுவைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். காலையில் மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்றால் மாலையில் ஊசி, மாலையில் நின்றால் மறுநாள் காலையில். ஊசி போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 280 நாள் எண்ணினால் ஈனும் நாள்; அதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்திப் பாலை வற்றவையுங்கள். நோட்டா, கைபேசியா என்று கேட்பார்கள். எது கொட்டகையிலேயே, மாட்டின் பக்கத்தில் நின்று எழுத வசதியோ அதுதான். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் 14 என்பது 41 ஆகிவிடும்.