ஜிம்பல் ஹெட் கைக்கு வசப்பட மாட்டேன் என்கிறதா?

கேள்வி: மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். பறவைகளைப் படமெடுக்கச் சிக்மா 150-600 மி.மீ. கன்டெம்பரரி ஜூம் லென்ஸ் வாங்கி, ட்ரைபாடின் தலையில் இருந்த பால் ஹெட்டை (உருண்டை மூட்டில் திரும்புவது) கழற்றிவிட்டு, கனமான லென்ஸை ஊஞ்சல் போலத் தாங்கும் ஜிம்பல் ஹெட் மாட்டினேன். பிளாக் ரிவர் கோர்ஜஸ் பள்ளத்தாக்கில் பாயாங்கே என்ற நீள்வால் வெள்ளைப் பறவை பறக்கும்போது திருகைத் தளர்த்தினால் லென்ஸ் குப்புறச் சாய்கிறது. இறுக்கினால் பறவையோடு திரும்ப மறுக்கிறது. பழைய ஹெட்டுக்கே போய்விடட்டுமா?

பதில்: போக வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹெட்டில் பழுது இல்லை, லென்ஸ் சமநிலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பால் ஹெட்டில் லென்ஸைப் பிடித்து நிறுத்துவது திருகு. ஜிம்பலில் லென்ஸின் எடை மையம் சுழலும் அச்சோடு சேர்ந்துவிட்டால், எந்தக் கோணத்தில் கையை எடுத்தாலும் அது அப்படியே நிற்கும். அது வரைக்கும் திருகை இறுக்கி நிலைமையைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். முதலில் ட்ரைபாடின் மேல்தட்டு மட்டமாக இருக்கட்டும். கேமரா, பேட்டரி, ஹூட் எல்லாவற்றையும் மாட்டி, ஜூமை 600-க்குத் தள்ளுங்கள். உங்கள் லென்ஸ் ஜூம் செய்யும்போது முன்பக்கம் நீளும். 150-இல் பிடித்த சமநிலை 600-இல் செல்லாது. பறக்கும் பறவைக்கு அதிகம் பயன்படும் நீளத்திலேயே சரிசெய்வதுதான் நியாயம்.

இப்போது சாய்வுத் திருகைத் தளர்த்துங்கள். முன்பக்கம் தாழ்ந்தால் லென்ஸின் அடியில் உள்ள பிளேட்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பில் பின்னுக்கு நகர்த்துங்கள்; கேமராப் பக்கம் தாழ்ந்தால் முன்னுக்கு. ஹெட்டில் மாட்டுவதற்காக லென்ஸின் அடியில் வரும் கால் குட்டை என்பதால் இடம் போதாமல் போகும். அந்தக் காலில் திருகி கிளாம்பில் செருகும் நீளமான ஆர்கா வகை பிளேட் ஒன்று வாங்கிப் போடுங்கள், அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். உயரத்தையும் பார்க்க வேண்டும். லென்ஸை நாற்பது டிகிரி போல மேலே சாய்த்துக் கையை எடுங்கள். மேலும் சாய்ந்துகொண்டே போனால் எடை அச்சுக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். லென்ஸ் உட்காரும் மேடையைக் கொஞ்சம் இறக்குங்கள். தானாக மட்டத்துக்குத் திரும்பினால் எடை கீழே இருக்கிறது, மேடையை ஏற்றுங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் முடிந்தது. பிளேட்டிலும் மேடையிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்தால் அடுத்த முறை நொடியில் மாட்டலாம்.

கோர்ஜஸ் வியூபாயிண்டில் பாயாங்கே பெரும்பாலும் நமக்குக் கீழேதான் வட்டமிடும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடிக்கும்போது ஜூம் தானாக நழுவும், பூட்டிவிடுங்கள். கரும்பச்சைக் காட்டுக்கு முன்னால் வெள்ளைப் பறவை என்பதால் எக்ஸ்போஷரையும் ஒரு ஸ்டாப் வரை (அதாவது வெளிச்சம் பாதியாகும் வரை) குறைத்துப் பாருங்கள், இறகின் விவரம் வெளிறிப் போகாமல் தப்பும்.

கைப்பழக்கத்துக்கு வருவோம். வலது கை கேமராவில், இடது கை லென்ஸின் மேல் லேசாக, நெற்றி வியூஃபைண்டரில் ஒட்டியிருக்க வேண்டும். கழுத்தை மட்டும் திருப்பாமல் இடுப்போடு சேர்ந்து சுற்றுங்கள். பழக நல்ல இடம் லெ மோர்ன் கடற்கரை. அங்கே கைட்சர்ஃப் செய்கிறவர்கள் ஓரளவு வேகமாக, எதிர்பார்க்கக்கூடிய பாதையில் போவார்கள். கிளிக் செய்யாமல் அவர்களை ஃபிரேமின் நடுவில் வைத்துக்கொள்ளவே முதலில் பாருங்கள். தென்கிழக்குக் காற்று பலமாக வீசினால் ஹூட் காற்றைப் பிடித்து லென்ஸைத் திருப்பும். அப்போது மட்டும் மேல்கீழ் சாய்வுக்கும் பக்கவாட்டுச் சுழற்சிக்கும் உள்ள இரண்டு திருகுகளிலும் லேசாக இறுக்கம் வைக்கலாம்.

ட்ரைபாடைத் தோளில் தூக்கும் முன் இரண்டு திருகுகளையும் நன்றாகப் பூட்டுங்கள். தளர்ந்த லென்ஸ் ஊசலாடி ட்ரைபாட் காலில் மோதும். கடற்கரையிலிருந்து வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள். பால் ஹெட்டை விற்றுவிடாதீர்கள்: கால் இல்லாத சின்ன லென்ஸ்களுக்கும் நிலக்காட்சிக்கும் அதுதான் தோது.