நீலச் சொட்டு, மஞ்சள் சொட்டு: சீசர் மில்ஸ்டைன் பற்றி உங்கள் கேள்விகள்

செல் வளர்ப்பில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், மோனோக்ளோனல் ஆன்டிபாடி (ஆன்டிபாடி என்பது அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) தயாரிக்கும் வழியைக் கண்ட மில்ஸ்டைனைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

சார், மோனோக்ளோனல் என்றால் என்ன? புத்தகம் படித்தும் ஏறவில்லை. (பி.எஸ்சி. மாணவி)

ரத்தப் பிரிவு பார்க்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ஸ்லைடில் ரெண்டு சொட்டு ரத்தம். ஒன்றில் நீலத் திரவம், இன்னொன்றில் மஞ்சள். குச்சியால் கலக்கி லேசாக ஆட்டினால் நீலப் பக்கம் திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாகிறது, மஞ்சள் பக்கம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் நீங்கள் ஏ குரூப். அந்த நீலத்தில் இருப்பது சிவப்பணு மேலிருக்கும் ஏ அடையாளத்துக்கு எதிரான ஆன்டிபாடி. முன்பு அதை மனித சீரத்திலிருந்து (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுத்தார்கள். பல பி செல்கள் (ஆன்டிபாடி சுரக்கும் வெள்ளையணுக்கள்) சுரந்த கலவை அது. ஒரு பாட்டில் போல இன்னொன்று இருக்காது. இப்போது ஒரே செல்லின் வாரிசுகள் சுரக்கும் ஒரே வகை. அதுதான் மோனோக்ளோனல்.

அவர் இங்கிலாந்துக்காரரா?

இல்லை. 1927-ல் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி முடித்து 1961-ல் ஊர் திரும்பினார். மறு வருடமே ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அவருடைய நிறுவனத்தில் பலருக்குச் சீட்டுக் கிழிந்தது. ராஜினாமா செய்துவிட்டுக் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். என்சைமை விட்டு ஆன்டிபாடிக்கு மாறச் சொன்னவர் அங்கிருந்த உயிர்வேதியியலாளர் ஃபிரெட் சாங்கர்.

மோனோக்ளோனல் வழியை 1975-ல் கட்டுரையாக வெளியிட்டார்களே, அப்படி என்னதான் செய்தார்கள்?

மருந்து தயாரிக்க இறங்கவில்லை. உடம்பு இத்தனை விதமான ஆன்டிபாடிகளை எப்படிச் செய்கிறது என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு, எதைப் பிடிக்கும் என்று தெரிந்த ஆன்டிபாடியை நிற்காமல் சுரக்கும் செல் வேண்டும். பி செல் சுரக்கும், ஆனால் தட்டில் சில நாளில் செத்துவிடும். மைலோமா என்ற புற்றுநோய்ச் செல் சாகாது, ஆனால் அதன் ஆன்டிபாடி எதைப் பிடிக்கும் என்று தெரியாது. 1974-ல் வந்து சேர்ந்த இளம் ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் கோலரும் இவரும் சென்டாய் வைரஸை வைத்து ரெண்டையும் ஒட்டினார்கள்.

ஒட்டாத செல்லை எப்படிக் கழிப்பது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஹாட் என்ற ஊட்டக் கரைசலில் இருக்கும் அமினோப்டெரின், டிஎன்ஏ செய்யும் பெரிய பாதையை அடைக்கும். குறுக்குச் சந்து ஒன்று உண்டு, ஆனால் அதற்கான என்சைம் இல்லாத மைலோமாவாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். ஒட்டாத மைலோமா சாகும். ஒட்டாத பி செல் தானாகவே சாகும். மிஞ்சுவது கலப்புச் செல், அதாவது ஹைப்ரிடோமா. பி செல் கொடுத்த எலிக்கு முன்பே ஊசியாகப் போட்டிருந்தது ஆட்டின் சிவப்பணு; அதோடு வைத்துப் பார்த்தபோது, சுரக்கும் செல்லைச் சுற்றி அணுக்கள் வெடித்துத் தெளிந்த வளையம் தெரிந்தது. அந்தத் தட்டுகளைப் பார்க்க கோலர் மனைவியையும் கூட்டிக்கொண்டு நிலவறைக்குப் போயிருந்தார்.

அண்ணா, என் ஹைப்ரிடோமா எல்லாம் செத்துப்போகிறது. கைராசி இல்லையோ? (ஆராய்ச்சி மாணவர்)

அந்த 1975 கட்டுரை வந்த பிறகு மில்ஸ்டைனின் ஆராய்ச்சிக் கூடத்திலேயே மாதக்கணக்கில் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் பார்த்தால் ஹாட் கரைசலில் நச்சு கலந்திருந்தது! நானும் ஒருமுறை புது சீரம் பாட்டிலை அப்படியே நம்பி மூன்று மாத உழைப்பைத் தொலைத்தேன். புதியதைச் சில குழிகளில் மட்டும் ஊற்றிப் பாருங்கள். அப்புறம், நல்ல செல் கிடைத்த அன்றே கொஞ்சம் திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள்.

காப்புரிமை வாங்காமல் ஏமாந்துவிட்டார் என்கிறார்களே?

விவரத்தை உரிய அரசு அமைப்புக்கு அனுப்பினார்கள். உடனடிப் பயன் எதுவும் தெரியவில்லை என்று பதில் வந்தது. பிரிட்டனுக்கு நஷ்டம்தான். ஆனால் அவர் செல்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்ததால்தான் முறை இவ்வளவு வேகமாகப் பரவியது என்பேன்.

மருந்துப் பெயர்களில் வரும் 'மாப்' இதுவா?

இதேதான், மோனோக்ளோனல் ஆன்டிபாடியின் ஆங்கிலச் சுருக்கம். 1986-ல் சிறுநீரக மாற்றுக்கு வந்த முதல் மருந்து முழுக்க எலி ஆன்டிபாடி. அதற்கே எதிராக நோயாளியின் உடம்பு ஆன்டிபாடி செய்தது. அதே கூடத்தின் கிரெக் வின்டர் எலியின் பிடிக்கும் நுனிகளை மட்டும் மனித ஆன்டிபாடியில் பொருத்தினார். மார்பகப் புற்றுநோய்க்கான ட்ராஸ்டுஸுமாப் (1998) அந்த வகை.

கடைசியாக ஒன்று: அவருடைய முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததா?

நல்ல கேள்வி. பாதியை ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு தொனெகாவா கண்டார்: ஜீன் துண்டுகள் மாறி மாறிச் சேர்கின்றன. மீதியை, 1984-ல் நோபல் வாங்கிய மில்ஸ்டைன் தன் ஹைப்ரிடோமாக்களை வைத்தே தேடினார். அந்நியப் பொருளை ஊசியாகப் போட்ட ஏழாம் நாள் எலியிலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளில் பிறழ்வு (ஜீனில் புதிதாக வரும் மாற்றம்) அநேகமாக இல்லை. பதினான்காம் நாள் ஆன்டிபாடிகளில் நிறைய இருந்தன, பிடியும் இறுகியிருந்தது. ஆக, மீதிப் பதில் அந்தப் பிறழ்வுகள்தான்.