லினக்ஸ் பணிச்சூழலுக்கும் (டெஸ்க்டாப்) உலாவிக்கும் புது வசதி எழுதுவோர் கேட்டவை

கேள்வி: எனக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும், சி++ மொழியில் பழக்கம் குறைவு. ஃபயர்ஃபாக்ஸில் ஏதேனும் வசதி சேர்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். தாவல்கள், முகவரிப் பட்டை, அமைப்புகள் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியும் பகுதியில் பெரும்பங்கு ஜாவாஸ்கிரிப்ட், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றால் எழுதப்பட்டதே. முழு மூல நிரலையும் கம்பைல் செய்யச் சாதாரணக் கணினியில் நெடுநேரம் ஆகும் என்பதால் பலர் முதல் நாளிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். ஆனால் 'ஆர்ட்டிஃபாக்ட் பில்டு' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், சி++, ரஸ்ட் பகுதிகள் ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட வடிவில் இறங்கிவிடும். நீங்கள் மாற்றும் முகப்புப் பகுதி மட்டும் உங்கள் கணினியில் தயாராகும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என் ஆரம்ப நாட்களில் சில இரவுகள் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: லினக்ஸில் திரைக்காட்சியைக் கையாளும் வேலேண்டில் உலாவி வழியாகத் திரையைப் பகிரும் ஒவ்வொரு முறையும் 'எந்தத் திரை' என்று பணிச்சூழல் கேட்கிறது. அந்தப் பெட்டியை நீக்க உலாவிக்கு ஒரு பேட்ச் (திருத்த நிரல்) எழுத எண்ணுகிறேன். சரியா?

பதில்: பெட்டி உலாவியினுடையது அன்று என்பதால், உலாவியில் அதை நீக்க வழியில்லை. வேலேண்டுக்கு முந்தைய எக்ஸ்11 அமைப்பில் எந்தச் செயலியும் மற்றச் செயலிகளின் சாளரங்களையும் விசை அழுத்தங்களையும் அனுமதியின்றிப் படிக்க முடிந்தது. 2008ஆம் ஆண்டில் தொடங்கிய வேலேண்ட் அந்தக் கதவை அடைத்துவிட்டது. ஆகவே உலாவி, செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறும் டி-பஸ் வழியாக 'போர்ட்டல்' என்ற இடைச்சேவையிடம் வேண்டுகோள் வைக்கிறது. உங்கள் பணிச்சூழலுக்கான போர்ட்டல் பகுதி உங்களிடம் கேட்கிறது. நீங்கள் இசைந்த பிறகே காட்சி, ஒலியையும் காணொளியையும் கடத்தும் பைப்வயர் மூலம் உலாவிக்கு வந்து சேருகிறது. ஒரு பெட்டிக்குப் பின்னால் இத்தனை திட்டங்கள் இருக்கின்றன.

அனுமதியை நினைவில் வைக்கும் வழியும் போர்ட்டலிலேயே உண்டு: செயலி கேட்டால், அடுத்த முறை காட்டுவதற்கென ஓர் அடையாளச்சீட்டு அதற்குத் தரப்படும். திரைப்பதிவுச் செயலிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். உலாவியின் நிலை வேறு. சீட்டு உலாவிக்கு வழங்கப்படுகிறதே தவிர, உலாவிக்குள் திறந்திருக்கும் இணையதளத்திற்கு அன்று. எந்தத் தளத்திற்கு இசைந்தீர்கள் என்பதை உலாவி பிரித்து வைக்காவிட்டால், ஒரு தளத்திற்குக் கொடுத்த அனுமதியை வேறொரு தளம் பயன்படுத்திக்கொள்ளும். எனவே நீங்கள் எழுத வேண்டிய வசதி, தளவாரியாகச் சீட்டைச் சேமிப்பதும், பயனர் அதைத் திரும்பப் பெற ஓர் இடம் அமைப்பதும் ஆகும். எந்த வசதியானாலும், அது எந்த அடுக்கில் (உலாவியிலா, போர்ட்டலிலா, பணிச்சூழலிலா) இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: கேடிஈ என்ற பணிச்சூழல் திட்டத்தின் கான்கரர் உலாவி, வலைப்பக்கங்களை வரைந்து காட்டும் தன் சொந்த எஞ்சினை ஏன் கைவிட்டது?

பதில்: இதுவும் அடுக்கு பற்றிய கேள்விதான். கான்கரரின் கேஎச்டிஎம்எல் தரமான எஞ்சின். ஆப்பிள் 2003 ஜனவரியில் சஃபாரியை அறிவித்தபோது அதை அடிப்படையாகக் கொண்டது. அது வெப்கிட் ஆயிற்று. 2013இல் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க்கைத் தொடங்கியது. வலைத்தரங்கள் வளர்ந்த வேகத்திற்குச் கேஎச்டிஎம்எல்லைப் பராமரித்த சில தன்னார்வலர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. இன்றைய கான்கரர், பிளிங்க்கைக் கொண்ட குரோமியத்தை உள்ளடக்கிய கியூட்டி வெப்எஞ்சினைப் பயன்படுத்துகிறது. அதாவது வீட்டை விட்டுப் போன பிள்ளையின் பேரன் திரும்பி வந்து குடும்பத்தை நடத்துகிறான். தனியொருவராக எஞ்சினுக்குள் இறங்குவதைவிட, அதைச் சுற்றியுள்ள பகுதியில் வேலை செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: ஒரு வசதியை முழுமையாக எழுதி அனுப்பினேன். "இதற்கு அமைப்புகள் பக்கத்தில் ஒரு தேர்வு தேவையில்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள்.

பதில்: ஒரே வரியில் மறுத்தது முறையன்று, ஆயினும் காரணம் நியாயமாக இருக்கலாம். ஒன்றையொன்று சாராத 10 தேர்வுப்பெட்டிகள் இருந்தால் 1,024 நிலைகள் உருவாகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் சோதிப்பதில்லை. நீங்கள் விலகிய பின்னரும் அந்த நிரலைப் பராமரிப்பாளர் சுமக்க வேண்டும். அடுத்த முறை நிரலுக்கு முன் சிக்கலை மட்டும் எழுதிக் கருத்துக் கேளுங்கள். க்னோம் என்ற பணிச்சூழல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. வெளியீடு நெருங்கும்போது புது வசதிகளும், மொழிபெயர்ப்பாளர்களுக்காகப் புதுச் சொற்களும் நிறுத்தப்படும். அந்நேரத்தில் அனுப்பியது காத்திருக்கவே நேரும்.

கேள்வி: அப்படியானால் நீட்சியாக (தனியே நிறுவும் கூடுதல் நிரல்) எழுதிவிடலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் பராமரிப்புச் சுமை உங்களிடம் வந்து சேரும். ஃபயர்ஃபாக்ஸ் 57 வெளியான 2017 நவம்பரில் பழைய வகை நீட்சிகள் அனைத்தும் செயலிழந்தன. 2023இல் வந்த க்னோம் 45 ஜாவாஸ்கிரிப்ட் தொகுதிகளை ஏற்றும் முறையை மாற்றியதால், க்னோமின் முகப்பான ஷெல்லுக்கு எழுதிய நீட்சிகளைத் திருத்தி எழுத நேர்ந்தது.

கேள்வி: சோதிக்கும்போது என் அன்றாடக் கணக்கு கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: உலாவிக்குத் தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். கேடிஈயின் பணிச்சூழலான பிளாஸ்மாவில் சாளரங்களை நிர்வகிக்கும் கேவின்னை இப்போதைய அமர்வுக்குள்ளேயே ஒரு சாளரமாக இயக்கலாம். அது முடங்கினால் அந்தச் சாளரம் மட்டும் மூடிக்கொள்ளும்.