கேள்வி – பதில்: கூத்திலிருந்து கேமராவுக்கு

கேள்வி: நான்கு வருடமாக எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் மன்மதன் வேடம் கட்டுகிறேன். சென்னையில் ஒரு படத்துக்கு நடிப்பு வீடியோ கேட்டிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் கத்துவது போல இருக்கிறது. கூத்துப் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா?
– வாசகர், ஹட்டன், இலங்கை

பதில்: விடவே வேண்டாம். தப்பு மேளச் சத்தத்துக்கு மேலாக இரவு முழுக்கப் பாடித் தாங்கும் மூச்சு லேசில் யாருக்கும் வாய்க்காது. மாற்ற வேண்டியது தூரத்தைத்தான். கூத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைசியில் இருக்கும் பாட்டிக்கும் கேட்க வேண்டும். கேமராவில் மூன்றடி தள்ளி நிற்பவருக்குக் கேட்டால் போதும்.

பலர் குரலைக் குறைக்கும்போது கோபத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். வசனம் செத்துப்போவது அதனால்தான். சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று மன்மதனை ரதி மறிக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் களத்துக் குரலில் சொல்லுங்கள். பிறகு, அடுத்த காம்பராவில் (அறையில்) பிள்ளை தூங்குவதாக நினைத்து அதே வேகத்தோடு சொல்லுங்கள். கடைசியில் காதோடு காதாக. மூன்று முறையும் அடிவயிறு ஒரே மாதிரி இறுக வேண்டும். சொல்லுக்குச் சொல் தலையாட்டும் பழக்கம் இருந்தால், பின்மண்டையைச் சுவரில் ஒட்டிவைத்துப் பழகுங்கள். நெருக்கமான ஷாட்டில் அந்த ஆட்டம் முகத்தையே மறைக்கும்.

லயக் காம்பராவுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள், வெளிச்சம் போதாது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள். பின்னால் வெறும் சுவர், கோடில்லாத சட்டை. போனைப் படுக்கைவாட்டில், கண் உயரத்தில், ஐந்தடி தள்ளி வையுங்கள். நெஞ்சுக்கு மேலே தெரிந்தால் சரி. தகரத்தில் மழை விழும்போது எடுக்காதீர்கள், வசனம் ஒன்றும் தேறாது. எதிர் வசனம் சொல்பவர் லென்ஸை ஒட்டி நின்று, உங்களைவிடத் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். பார்வை அவர்மேல் இருக்கட்டும். பெயரும் உயரமும் சொல்லும்போது மட்டும் லென்ஸைப் பாருங்கள்.

கேள்வி: வாய்ப்புக் கிடைத்தால் எதை முதலில் கேட்க வேண்டும்?
– வாசகி, பண்டாரவளை

பதில்: எழுத்தில் ஒப்பந்தம். எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, இருவழி விமானச் சீட்டும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். டப்பிங்கையும் கேளுங்கள். தமிழ்ப் படங்களில் வேறொருவர் குரல் கொடுப்பது சாதாரணம். சொந்தக் குரல்தான் என்று எழுதி வாங்காவிட்டால் திரையில் உங்கள் முகம் மட்டுமே மிஞ்சும். மலையகப் பேச்சு பாத்திரத்துக்குப் பொருந்துமா என்று இயக்குநரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சுற்றுலா வீசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்காதீர்கள், அது சட்டமீறல். வாய்ப்புக்கு முன்பணம் கேட்பவரிடமும், கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.