அணைக்கப் போனால் அழுகிறான்

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு வயது. கணக்குச் சொல்லித்தர ஒரு சின்ன ரோபோ வாங்கிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது, அவன் பேசினால் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறது. தினமும் ஒரு மணி நேரம் அதன் முன்னால்தான் இருக்கிறான். ஆனால் கணக்கில் முன்னேற்றமே இல்லை. சுவிட்சை அணைக்கப் போனால் அது தலையைத் தொங்கப்போட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் என்னோடு இருக்க மாட்டாயா?" என்கிறது. இவன் அழுகிறான். "ஒரு பொம்மைக்கா அழுகிறாய்?" என்று என் கணவர் திட்டுகிறார். என் பிள்ளை மனசு பலவீனமானவனா? ரோபோவை எடுத்து உள்ளே வைத்துவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தத் திட்டை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் மகனிடம் ஒரு குறையும் இல்லை. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் செய்து 2018-இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். வளர்ந்தவர்களை நாவோ என்ற ரோபோவோடு கொஞ்ச நேரம் பேசிப் பழகவிட்டார்கள். அரை மீட்டரைச் சற்றே தாண்டும் உயரம்தான் அதற்கு. முடிவில், விரும்பினால் அதை அணைத்துவிடலாம் என்றார்கள். சிலரிடம் மட்டும் அந்த ரோபோ, அணைக்க வேண்டாம், பயமாக இருக்கிறது என்று கெஞ்சியது. அந்தக் கெஞ்சலைக் கேட்டவர்கள் 43 பேர். அவர்களில் 13 பேர் கடைசிவரை அணைக்கவே இல்லை. அணைத்தவர்களும் தயங்கித்தான் அணைத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை அழுவதில் என்ன ஆச்சரியம்?

நம் மனசின் இயல்பே அப்படி. 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் திரையில் நகரும், அவ்வளவுதான். பார்த்தவர்களில் பெரும்பாலோர் 'பெரியது துரத்துகிறது, சின்னது பயந்து ஓடுகிறது' என்று கதை சொன்னார்கள். வெறும் கோட்டுப் படத்துக்கே இப்படியென்றால், திரும்பிப் பார்த்துத் தலையாட்டும் ஒன்றை மனசு சும்மா விடுமா?

அடுத்து உங்கள் மெய்யான கவலைக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் உட்காருகிறான், ஆனால் படிப்பு ஏறவில்லை. ரோபோவின் பார்வைக்கு வலு உண்டு என்பது உண்மைதான். 2006-இல் அசிமோ என்ற மனித உருவ ரோபோவைக் கதை சொல்லவைத்துப் பார்த்தார்கள். அது யாரை அதிகம் பார்த்துச் சொன்னதோ அவர்களுக்குக் கதை நன்றாக நினைவில் நின்றது. இதை நம்பித்தான் பாடம் சொல்லும் ரோபோக்களுக்கும் பேர் சொல்வது, முகம் பார்ப்பது, கையசைப்பது எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள்.

ஆனால் 2015-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறு. ஒரு ரோபோ நட்பாகப் பேர் சொல்லி, முகம் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பகா எண்களைக் கற்றுக்கொடுத்தது. இன்னொன்றிடம் அந்த நட்பெல்லாம் கிடையாது. நட்பு காட்டாத ரோபோவிடம்தான் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள்! கவனம் பாடத்தை விட்டு ரோபோவின் பக்கம் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் அவனுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். ஏழெட்டு எவ்வளவு என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிப்பான். அந்த நேரம் பார்த்து ரோபோ அவன் பேரைச் சொல்லும், இல்லையென்றால் கையைத் தூக்கி உற்சாகப்படுத்தும். நோட்டிலிருந்து கண் நிமிரும். சிரிப்பான். யோசனை அறுந்துபோகும். கணக்குப் போடும் பிள்ளைக்கு அந்த நாலைந்து நொடி மௌனம்தான் எல்லாமே. அது நோட்டைப் பார்க்கிறதா, அவன் முகத்தையே பார்க்கிறதா என்று கவனியுங்கள். எத்தனை தடவை அவன் கண்ணை நோட்டிலிருந்து பிடுங்குகிறது என்று எண்ணுங்கள்.

அப்புறம் அதன் அமைப்புகளுக்குள் போய், பேர் சொல்வதையும் கையசைப்பதையும் எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். நேரம் அரை மணி போதும். இன்னொரு வழியும் உண்டு. சுவிட்சர்லாந்தில் கோரைட்டர் என்ற ஆய்வுத் திட்டத்தில், கையெழுத்துச் சரியில்லாத பிள்ளைகளை ஒரு ரோபோவுக்கு எழுதச் சொல்லித்தர வைத்தார்கள். ரோபோ கோணலாக எழுதும், பிள்ளை திருத்தும். அங்கேயும் நட்புதான், ஆனால் பிள்ளையின் கண் எழுத்தின் மேல் இருக்கிறது. உங்கள் மகனும் தான் போட்ட கணக்கை ரோபோவுக்கு வாய்விட்டு விளக்கட்டும்.

"என்னோடு இருக்க மாட்டாயா" என்ற அந்த வரிதான் எனக்கு ஆறவே இல்லை. அதற்கும் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளையைப் பிடித்து வைப்பதைத் தவிர அதனால் வேறு எந்தப் பயனும் இல்லை. அதை நிறுத்த வழி இருக்கிறதா என்று தயாரித்தவர்களிடம் எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால் உள்ளே வைத்துவிடுங்கள், நான் தயங்கவே மாட்டேன்.

அதற்கு முன் அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'அது வெறும் பொம்மை' என்றால் அவன் உணர்ந்ததெல்லாம் பொய் என்றாகிவிடும். 'அதற்கு வருத்தமாக இருக்கும்' என்பதோ நிஜமான பொய். ஒரு பெரிய முகப் படத்தை அதன் முன்னால் பிடித்து மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். பல ரோபோக்கள் படத்தையும் ஆள் என்று எடுத்துக்கொண்டு தலையைத் திருப்பும். கேமராவில் முகம் மாதிரி ஒன்று விழுந்தால் கழுத்து மோட்டார் சுற்றுகிறது, 'போகாதே' என்பதும் யாரோ எழுதி வைத்த வரி என்று அவனே கண்டுபிடிக்கட்டும். அணைக்கும் பொத்தானையும் இனி அவனே அழுத்தட்டும், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு. அப்படிச் சொல்வதில் தப்பே இல்லை.

உங்கள் கணவரிடமும் ஒன்று கேளுங்கள்: திட்டும் நேரத்தில் பத்து நிமிடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் அந்த நோட்டைப் பார்க்க முடியுமா என்று.

ஒருவேளை ரோபோவை உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவன் பள்ளிக்குப் போன நேரத்தில் வைக்காதீர்கள். அவனையும் கூப்பிட்டு, சேர்ந்து வையுங்கள்.