சிங்கப்பூரில் ஓபன்பிஎஸ்டி போட எந்த லேப்டாப் வாங்கலாம்?

வீட்டில் கிடந்த கேமிங் லேப்டாப்பில் ஓபன்பிஎஸ்டியை (விண்டோஸ், லினக்ஸ் போல இதுவும் ஓர் இயங்குதளம்) போட்டுப் பார்த்து, வைஃபை வராமல் திரையும் ஒழுங்காக வராமல் நொந்துபோய்த்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. இப்போதைய என்விடியா கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு ஓபன்பிஎஸ்டியில் டிரைவர் (பாகத்தை இயக்கும் மென்பொருள்) கிடையாது. மூலநிரல் இல்லாத டிரைவரைச் சேர்க்க மாட்டோம் என்று அதை உருவாக்குபவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் பிடித்துப்போய்த்தான் நான் இதை வேலைக்கும் வீட்டுக்கும் வைத்திருக்கிறேன்.

"லினக்ஸ் போட்டால் தொல்லையே இல்லையே", "விர்ச்சுவல் மெஷினில் (வேறு இயங்குதளத்துக்குள்ளேயே) ஓட்டலாமே" என்று சிலர் வருவார்கள். ஓட்டலாம்தான். ஆனால் கேட்டவர் கேட்டது லேப்டாப்பைப் பற்றி.

வாங்கும்போது பிராசசரைக் கடைசியில் பாருங்கள். முதலில் வைஃபை சிப், அடுத்து கிராஃபிக்ஸ். இரண்டும் இன்டெல் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. நான் சொல்வது 2018-ல் வந்த லெனோவா திங்க்பேட் டி480. வைஃபை இன்டெல் 8265, கழற்றி மாட்டக்கூடிய தனி அட்டை. கேபிள் செருக ஈதர்நெட் வாயும் உண்டு. இதே மாடலில் என்விடியா எம்எக்ஸ்150 வைத்தும் விற்றார்கள், அது வேண்டாம். கைரேகை ரீடர் வேலை செய்யாது. 8 த்ரெட் என்று போட்டிருந்தாலும் 4 கோரைத்தான் பயன்படுத்தும், ஏனென்றால் ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை 2018 முதல் பாதுகாப்புக்காக அணைத்தே வைக்கிறார்கள். இதைவிடப் புதிய மாடல்களும் நன்றாக ஓடும். நான் கையில் வைத்திருப்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் மாடல் பெயரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு யூஎஸ்பி குச்சியில் ஓபன்பிஎஸ்டியை முழுதாக நிறுவிக் கையோடு கொண்டுபோங்கள். இன்ஸ்டாலர் மட்டும் உள்ள குச்சி போதாது, அதில் ஒலி, கிராஃபிக்ஸ் டிரைவர்கள் இருக்காது. வைஃபைக்கான ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள் ஏற்றும் சிறு மென்பொருள்) வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். வைஃபை வந்தால்தான் ஃபர்ம்வேரை இறக்க முடியும், ஃபர்ம்வேர் இருந்தால்தான் வைஃபை வரும்.

நான் வாங்கியது பழைய பொருள் விற்கும் கேரோசெல் செயலியில். விற்றவர் என்.எஸ். (தேசிய சேவை) முடித்து வந்த தம்பி, செங்காங் எம்ஆர்டி பக்கத்துக் காப்பிக்கடையில் சந்தித்தோம். குச்சியைச் செருகி எஃப்12 அழுத்தி ஏற்றினேன். ஓபன்பிஎஸ்டி கிளம்பும்போது நீலத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடும். பையன் பதறிவிட்டான். "அண்ணே, புளூ ஸ்கிரீன் வந்திருச்சு! காலையில நல்லாத்தானே இருந்துச்சு!" என்றான். "ஒண்ணும் ஆகல தம்பி, இது இப்படித்தான் வரும்" என்று சொல்லி, ஓடி முடிந்த வரிகளை மேலிருந்து படித்துக் காட்டினேன். டிரைவர் கிடைக்காத பாகம் இருந்தால் அந்த வரியின் கடைசியில் 'நாட் கான்ஃபிகர்டு' என்று நிற்கும். எனக்கு வேண்டிய எதிலும் அது இல்லை. வைஃபையை ஸ்கேன் செய்ததும் மேல்மாடி வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் ரூட்டர் பெயர்கள் எல்லாம் வந்து விழுந்தன. என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஒரு பாட்டை ஓடவிட்டு, கீபோர்டில் எல்லா விசையையும் தட்டிப் பார்த்த பிறகுதான் வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். பையன் காப்பி வாங்கித் தந்தான்.

இதற்கெல்லாம் முன்னால் பயாஸுக்குள் (இயங்குதளம் ஏறுமுன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்த திங்க்பேட்டில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டே விற்றுவிடுவார்கள். அது தெரியாமல் செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத இயங்குதளத்தை ஏறவிடாத பூட்டு) அணைக்க முடியாது, அணைக்காமல் ஓபன்பிஎஸ்டி ஏறாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள்.

கம்பெனி மெஷின் என்றதும் வயிறு எரிகிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் லேப்டாப் மாற்றும் காலம் வந்தால் பழையவற்றை அட்டைப்பெட்டியில் அடுக்கி நொறுக்க அனுப்பிவிடுவார்கள். எஸ்எஸ்டியைக் கழற்றி அழிக்கட்டும், அதில் வாடிக்கையாளர் தகவல் இருக்கிறது, நியாயம். திரையும் கீபோர்டும் என்ன பாவம் செய்தன? டிஸ்க் இல்லாமலே கொடுங்கள், துணைப்பாட வகுப்புப் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று எழுதிக் கேட்டேன். 'பாலிசி இல்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. நல்ல நிலையில் இருந்த மெஷின்கள் அவை. இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, விட்டதைச் சொல்லிவிடுகிறேன். புளூடூத்தை 2014-லேயே எடுத்துவிட்டார்கள். கம்பியில்லா இயர்போன்தான் வேண்டும் என்றால் நம் ஊர் கிரியேட்டிவ் நிறுவனத்தின் பிடி-டபிள்யூ3 மாதிரியான குச்சியைச் செருகுங்கள். கணினிக்கு அது வெறும் யூஎஸ்பி ஒலி அட்டையாகத்தான் தெரியும், புளூடூத் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளில் இணைத்து இணையம் எடுக்கவும் முடியும், முதல் நாள் நிறுவும்போது அது கைகொடுக்கும். எல்லாம் ஓடத் தொடங்கியதும் அந்த நீலத்திரை வரிகளை, அதாவது டிமெஸ்க் வெளியீட்டை, ஓபன்பிஎஸ்டி திட்டத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். எந்த மெஷினில் எது ஓடுகிறது என்பதை அப்படித்தான் திரட்டுகிறார்கள்.